மீனுக்கு வாங்கிய மீன்

வியாழக்கிழமையிலிருந்து அதற்கு ஒன்றும் போடவில்லை.

அவளைப் பார்த்ததும் மீன் கண்ணாடியில் வந்து முட்டியது. ஆறு மீசையும் கண்ணாடியைத் தடவின. வாயைத் திறந்து திறந்து மூடியது.

"சும்மா இரு. உன்னப் பட்டினி போடணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?" என்றாள் வேதவள்ளி.

பொன்னேரி ஜமால் பாய் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்படித் தொட்டிக்கு மீறி வளர்ந்துவிட்ட மீன்களை வாங்கி, பெரிய சிமெண்ட் தொட்டி கட்டி வைத்துக் காப்பாற்றுகிற மனுஷன். வண்டியில் ஏற்றும் மீனுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். தின்றிருந்தால் வழியில் கக்கிவிடும், அந்தத் தண்ணீரே அதற்கு எமனாகிவிடும் என்றார்.

மதியத்துக்குள் பாய் வந்துவிடுவார்.

வாங்கும்போது அது விரல் நீளம். கெளுத்தி ஜாதி, வெளிநாட்டுச் சரக்கு, வால் மட்டும் செக்கச்செவேல். தொட்டி அளவுக்குத்தான் வளரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவள் கணவர் தணிகாசலம் நம்பினார். அவர் எதைத்தான் நம்பவில்லை.

இப்போது அது அவள் கையைவிட நீளம். கூடத்தில் பாதியைத் தொட்டி அடைத்துக்கொண்டது. அதற்குள்ளும் திரும்புவதென்றால் மீன் உடம்பை மடக்க வேண்டும். மூக்கு ஆறவே ஆறாத புண்.

லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்து, மருந்து வாடை போனபிறகு ஊற்ற வேண்டும். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து குடம் குடமாகத் தூக்கி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. வாங்கிய கடையில் கேட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வாட்ச்மேன், ஏரியில் விட்டுவிடுங்கள், புண்ணியம் என்றார். ஏரியிலிருக்கிற குஞ்சு குளுவானையெல்லாம் இது தின்று தீர்த்தால் அந்தப் பாவம் யார் தலையில்?

தணிகாசலம் போன சித்திரையிலிருந்து அயனாவரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறார். பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. பெரியவர்கள் உட்கார்ந்து பீரோ அவளுக்கு, வண்டி அவருக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

மீனை யாரும் கேட்கவில்லை.

அதற்குத் தண்ணீர் மாற்றத்தான் ஞாயிறுதோறும் வருகிறார். மீன் போய்விட்டால் அவர் இந்தப் படியேற ஒரு காரணமும் இல்லை. அது தெரிந்துதான் பாயிடம் சரி என்றாள். போனை வைத்த கையோடு அழுதாள். அது வேறு விஷயம்.

வாசலில் செருப்புச் சத்தம்.

தணிகாசலம் கையில் பையோடு வந்தார். காசிமேட்டுச் சங்கரா, கண் தெளிந்து, பளபளவென்று. குடும்பம் நடத்திய காலத்தில் இப்படியொரு மீனை அவர் கொண்டுவந்ததே இல்லை. கடைசியில் மிஞ்சிக் கிடப்பதைத்தான் அள்ளி வருவார். இந்த மகாராஜாவுக்கு மட்டும் விடியும் முன்னே எழுந்து போகிறார்.

மீன் அவரைக் கண்டு தண்ணீரைக் கலக்கியது.

"இன்னா இப்படி வயிறு ஒட்டிக் கெடக்குது? ஒண்ணும் போடலயா?"

அவர் ஒரு மீனை எடுத்துத் தண்ணீருக்கு மேலே பிடித்தார்.

பேசாமல் இருந்தால் போதும். அது விழுங்கிவிடும். பாய் வெறுங்கையோடு திரும்புவார். இன்னொரு ஞாயிறு கிடைக்கும். யார் கண்டது, அதற்கடுத்ததும் கிடைக்கலாம்.

மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. அந்தப் புண் மூக்கு.

"போடாதீங்க" என்றாள்.

அவர் கை அப்படியே நின்றது.

சொல்லிவிட்டாள். பொன்னேரி, பாய், வண்டி, எல்லாவற்றையும். கத்துவார் என்று நினைத்தாள். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அங்க திரும்ப எடம் இருக்குமா?"

"நானே போய்ப் பாத்தேன். நம்ம வீட்டையே உள்ள எறக்கலாம்."

அவர் சங்கராவைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

பாய் வந்தார். வலை கூடாது, துடுப்பு முள் சிக்கிக் கிழிந்துவிடும் என்று ஒரு போர்வையை நனைத்துக் கொடுத்தார். தலைப்பக்கம் தணிகாசலம், வால்பக்கம் அவள்.

"புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

"தூக்கு. மெதுவா."

அம்மாடி, என்ன கனம். இரண்டு பேரும் மூச்சு வாங்க மாடிப்படி இறங்கி, வண்டியிலிருந்த பெரிய டிரம்மில் விட்டார்கள். பாய் மூடியைப் போட்டார். வண்டி தெருவைத் தாண்டும் வரைக்கும் நின்று பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மேலே வந்து தணிகாசலம் மிச்சத் தண்ணீரை வடித்தார். ஈரத் தரையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தார். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. வாரா வாரம் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போகும் ஹோஸை இன்றைக்குச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வரேன்" என்றார். பிறகு பையைப் பார்த்து, "அத இன்னா பண்றது?"

உடம்பெல்லாம் அசந்துபோயிருந்தது. பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"கொழம்பு வைக்கலாம்" என்றாள். "ஆக ஒரு மணி நேரம் ஆகும்."

பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. புளியை ஊறவைத்தாள். மீனைக் கழுவினாள். வெங்காயம் உரித்தாள்.

வாசல் கதவு சாத்துகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை.