நர்ஸின் ஆங்கிலம்

ஊரில் தனியாக இருக்கும் அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில ஆசிரியரான மகனுக்குக் கைப்பேசியில் எழுதியிருந்தாள்:

"யுவர் ஃபாதர் வான்ட் டு சீ யூ."

"வான்ட்ஸ்னு ஒரு எஸ் போடத் தெரியல, பாரு," என்று மனைவியிடம் காட்டிச் சிரித்தார்.

"அதை விடுங்க. மாமா கூப்பிடுறார், ஒரு எட்டு போய்ட்டு வாங்க."

"திருத்த வேண்டிய தாள் மலையாக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை போறேன்."

நர்ஸுக்கு ஆங்கிலத்திலேயே பதில் அனுப்பினார்: 'இப்போது நடப்பதற்கு வான்ட்ஸ். முடிந்துபோனதற்கு வான்டட். பார்த்து எழுதவும்.'

மறுநாள் காலையில் அடுத்த செய்தி வந்தது.

"யுவர் ஃபாதர் வான்டட் டு சீ யூ."

எங்கேயாவது தப்பு இருக்காதா என்று திரும்பத் திரும்பப் படித்தார்.

"என்னங்க எழுதியிருக்கா?" என்றாள் மனைவி.

"சரியா எழுதியிருக்கா," என்றார்.