பெரியவள் போட்ட கையெழுத்து

"சின்னப் பொண்ணா இருக்கியேம்மா, வேற யாராவது உள்ள வரட்டுமே" என்றார் பிணவறை ஊழியர்.

வேறு இரண்டு பேர் வந்திருக்கத்தான் செய்தார்கள். தோளில் கட்டுடன் அம்மா நடைக்கூடத்து பெஞ்சில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமா கதவு வரை வீறாப்பாக வந்து, மருந்து நெடி மூக்கில் ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார்.

"நானே பார்க்கிறேன். எனக்குப் பதினேழு முடிஞ்சிடுச்சு" என்றாள் அவள்.

வீட்டில் அவள் பெரியவள், பதினோரு வயதுத் தம்பி சின்னவன். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவள் என்பது வெறும் கூப்பிடு பெயராக இல்லாமல் போனது இந்த எட்டு மாதத்தில்தான்.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மதியம் சாப்பிட வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று கம்பெனியில் கையை விரித்தார்கள். காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, தகவல் வந்தால் சொல்வதாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அம்மா வீட்டுக் கதவைத் தாழ் போடவில்லை. அவர் வரும் நேரத்தில் ஆள் இல்லாமல் போய்விடக்கூடாதென்று தையல் வேலையை விட்டாள். காவல் நிலையத்துக்குப் போகும் நாட்களில் சின்னவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் உட்கார வைத்தாள். மாடியில் லிஃப்ட் வந்து நிற்கும் போதெல்லாம் எழுந்து ஓடினாள். சோறு பாதியில் நின்றது, தூக்கம் அறவே போனது. பெரியவள்தான் சமைத்தாள், சின்னவனுக்குத் தலை வாரிவிட்டாள், பக்கத்து வீட்டு விசாரிப்புகளுக்குப் பதில் சொன்னாள்.

மூன்று வாரத்துக்கு முன் எதிர்ச் சாரியில் யாரோ ஒருவர் அப்பா மாதிரியே நடந்து போக, அம்மா சாலையின் குறுக்கே ஓடினாள். வண்டி அடித்துத் தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கதவு திறந்துதானே இருக்கு?"

இன்று காலை காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. நீர்த்தேக்கத்தில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறதாம். வயதும் உயரமும் ஒத்துப்போகிறதாம். தண்ணீரில் ஊறிப்போனதால் முகம் தெரியாதாம்.

பிணவறைக்குள் கூட வந்த காவலர் குறிப்பேட்டைத் திறந்தார். பார்ப்பதற்கு முன்பே அங்க அடையாளங்களைச் சொல்ல வேண்டும் என்றார்.

"முதல்ல பார்த்துடறேன் சார். தைரியம் இருக்கும்போதே."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். தன் வீட்டிலும் இதே வயதில் ஒருத்தி இருப்பதாக முணுமுணுத்துவிட்டு, ஊழியருக்குத் தலையசைத்தார். துணி விலகியது.

அவள் முகத்திலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள். வலது முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இருந்தது. அதன்மேல் பார்வையை வெகுநேரம் வைத்திருந்தாள்.

"அப்பாதான். லிஃப்ட் கதவுல மாட்டிக் கிழிஞ்ச காயம் இது. ஏழு தையல் போட்டாங்க" என்றாள்.

காவலர் எழுதிக்கொண்டார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். அழ வேண்டுமென்றால் அழுதுவிடும்படி ஊழியர் சொன்னதற்கு, அம்மாவும் பார்த்தாக வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். தேவையில்லை என்றார்கள்.

நடைக்கூடத்தின் மறுகோடியில் ஒரு முதியவர் மகனின் புகைப்படத்தோடு காத்திருந்தார். இதே உடலைப் பார்க்க வந்தவர். இந்த மாதத்தில் அவர் ஏறி இறங்கும் மூன்றாவது பிணவறை. உள்ளே இருப்பவருக்கு ஆள் வந்துவிட்டது, நீங்கள் கிளம்பலாம் என்று காவலர் அவரிடம் சொன்னார். அவர் எழுந்து வந்து பெரியவளின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ என் பையன் எங்கயோ உயிரோட இருக்கான்மா. உன் வீட்டுத் துக்கத்துல நான் சந்தோஷப்படக் கூடாது. மன்னிச்சுக்கோ."

அவளால் கையை உருவிக்கொள்ள முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. வீட்டுக்குப் போங்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா உடனே அழவில்லை. "நல்லாப் பார்த்தியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"பார்த்தேம்மா."

அதற்குப் பிறகு எட்டு மாத அழுகையையும் அம்மா சேர்த்து அழுதாள். மாமா கூடவே நின்று, அடுத்த நாள் அடக்கத்தை முடித்துக் கொடுத்தார். அன்று மாலை பெரியவள் பிசைந்து கொடுத்த சோற்றை அம்மா மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள். படுத்தவள், மறுநாள் வெயில் ஏறும் வரை புரளாமல் தூங்கினாள். சின்னவன் சத்தம் போடாமல் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினான்.

அவனை வழியனுப்பிய பெரியவள் மொட்டை மாடிக்கு ஏறினாள். ஒரு மாதமாக யாருக்கும் சொல்லாமல் மனப்பாடமாக வைத்திருந்த எண்ணை அழுத்தினாள். கைக்குழந்தை ஒன்று அழும் சத்தத்துக்கு நடுவே, "யாரு?" என்று கேட்டது பழகிய குரல்.

"நேத்து உங்கள அடக்கம் பண்ணிட்டோம்ப்பா. இனிமே எதுக்காகவும் இந்தத் தெருப் பக்கம் வந்துடாதீங்க."