ஒரே ஒரு ஸ்டார்

வேலைச் சட்டையை வெளிக்கொடியில் மாட்டிவிட்டு உள்ளே வந்த நவநீதன், மனைவி சௌமியாவிடம் மொபைலை நீட்டினான்.

“இன்னா எழுதியிருக்காங்கன்னு நீயே படி. எனக்கு இங்கிலீஷ் புரியாது.”

ஐம்பது வருடத்துக்கு முந்தைய விண்வெளிப் படம் ஒன்று, வெளிநாட்டில் புது டிஸ்க்காக வந்திருந்தது. வாங்கியவர்களின் கருத்துகளைச் சௌமியா தமிழில் சொன்னாள்.

“‘படம் பளிச்சுனு இருக்கு.’ அஞ்சு ஸ்டார்.”

“அத்த விடு. அடுத்தது?”

“‘சவுண்டு கம்மி.’ மூணு ஸ்டார்.”

“அதுவும் வேணாம். நல்லா திட்டினவங்க யாராவது இருக்காங்களா பாரு.”

“ஒருத்தர் இருக்காருங்க. ஒரே ஒரு ஸ்டார். ‘ராக்கெட்டு அட்டையில செஞ்சா மாதிரி இருக்கு. டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டேன்.’”

நவநீதன் நெருங்கி வந்து நின்றான். “அப்புறம்?”

“‘அது வந்த தோல் பெட்டியை மட்டும் வெச்சிக்கிட்டேன். அந்த வாசனைக்காகவே தினமும் திறந்து பாக்குறேன்.’”

உடனே தான் வேலை செய்யும் ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்குப் போன் போட்டான்.

“பச்சையப்பா! நாம தச்ச பெட்டி தப்பிச்சிடுச்சுய்யா. மழையில சரியா காயாத தோல்னு ஒருத்தரும் கண்டுபுடிக்கல. வாசனையாம்! அடுத்த ஆர்டரும் நமக்குத்தான்!”

சௌமியா கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். நாற்றம் என்று அதை ஒருநாளும் அவள் வீட்டுக்குள் விட்டதில்லை.