ஒரு ஓட்டு குறையுது

"தலையா, பூவா?"

தேர்தல் அதிகாரி கால் டாலர் காசைக் கட்டைவிரல் மேல் வைத்துக்கொண்டு கேட்டார். கூண்டில் ஏறின குற்றவாளிபோல நின்றாள் கோரின்.

நீதிபதியையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் டெல்ப்ரூக் கவுண்டி என்ற அந்த அமெரிக்க மாவட்டத்தில் இப்படி நடந்ததே இல்லை. இருபத்துநாலு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கும் ரேடமாக்கருக்கு 6,214 ஓட்டு. எதிர்த்து நின்ற வக்கீல் கோரினுக்கும் அதே 6,214. இரண்டு தடவை எண்ணியும் மாறவில்லை. இனிக் காசு சுண்டித்தான் முடிவு என்றது சட்டம்.

"ஒரே ஒரு ஓட்டுடி! போடாத படுபாவி எவன்னு மட்டும் தெரியட்டும்!" கோரினின் அக்கா பெவர்லி பல்லைக் கடித்தாள். மூன்று மாதம் வீடு வீடாகக் கதவு தட்டியவள் அவள்.

கோரின் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படுபாவி அவளேதான்.

ரேடமாக்கரின் கோர்ட்டில் எட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள். 'சட்டம் படி, போ' என்று விரட்டி விட்டதே அவர்தான். வாக்குச்சீட்டில் தன் பெயர் பக்கம் பேனா நகரவில்லை. அவர் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை நிரப்பிவிட்டு வந்துவிட்டாள்.

"பூ" என்றாள்.

காசு பறந்து மேஜையில் விழுந்தது. தலை.

கூட்டம் ரேடமாக்கரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்தது. அவர் முகம் மட்டும் ஆயுள் தண்டனை கேட்டவர் மாதிரி தொங்கிப் போயிருந்தது.

எல்லோரும் கலைந்ததும் கோரின் மெதுவாக அவரிடம் போனாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லும்மா."

"நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். உங்களை எதிர்த்து எனக்கே போட்டுக்க மனசு வரலை."

ரேடமாக்கர் பக்கத்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் கோரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்கய்யா..."

"அழாம என்ன பண்றது? கட்சிக்காரனுங்க தொல்லை தாங்காம நின்னேன். தோத்துட்டு நிம்மதியா மீன் பிடிக்கப் போலாம்னு இருந்தேன். இன்னும் ஆறு வருஷம்!" தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, நான் உனக்குத்தானே ஓட்டுப் போட்டேன்!"