பைப்போடு பெண் கேட்கப் போனவன்

ஐந்தாவது தீக்குச்சியும் அணைந்தது.

எதிர் நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அதைக் கண்டுகொள்ளாதவர்போல் தன் பைப்பில் புகையிலையைத் திணித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளைத் தனக்குக் கட்டிக்கொடுக்கும்படி கேட்கத்தான் லிஃப்ட் மெக்கானிக் கையில் ஒரு பைப்போடு வந்திருந்தான். வந்து இருபது நிமிஷம் ஆயிற்று. இன்னும் கேட்டபாடில்லை.

எல்லாம் அவள் கொடுத்த யோசனை. அப்பா பைப் பிடிக்கிறவர், நீயும் ஒன்றோடு போய் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது என்றாள்.

அதற்காக ஒரு வாரம் மொட்டை மாடியில் ரகசியப் பயிற்சி. முதல் நாள் புகையை விழுங்கிவிட்டு சாயங்காலம் வரை இருமினான்.

ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும், பைப் அருமையான சாமான். சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் திருதிருவென்று முழிக்கிறான் என்பார்கள். அதே வாயில் ஒரு பைப் இருந்தால், பிள்ளை ஏதோ ஆழமாக யோசிக்கிறது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலையும் கிடையாது. திணிக்க, அமுக்க, பற்றவைக்க, மறுபடி பற்றவைக்க என்று கால்மணி நேரம் ஓடிவிடும்.

ஓடியும் விட்டது. பெரியவர் இன்னும் புகையிலையை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

இந்தப் பயலுக்கா என் பெண் என்று எடைபோடுகிறாரோ? இவர் மாட்டேன் என்றால் அவள் மீறி வரமாட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

பெரியவர் குச்சியைக் கிழித்தார். பற்றவைத்தார். ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

அடுத்த நொடி கண்ணில் நீர் முட்ட, சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல் இருமினார். பைப் கைநழுவி மேசையில் உருண்டு, புகையிலை முழுக்கக் கொட்டியது.

அவன் பதறி எடுத்தான். பிடித்துப் பழகிய பைப்பின் உள்ளே அடுப்புச் சுவர் மாதிரி கரி படிந்திருக்கும் என்று அவனுக்குப் பைப் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். இதில் மரம் பளிச்சென்று இருந்தது.

“புதுசு மாதிரி இருக்கே சார்?”

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையனைப்போலக் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்துதான் வாங்கினேன். கூட உக்காந்து பைப் பிடிக்க ஆள் இல்லேன்னா உங்களுக்குப் பேச்சே வராதுன்னு பொண்ணு சொன்னா, மாப்பிள்ளை.”