மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே

ஆயிரம் மீட்டருக்கு அப்பால் இலக்குப் பலகை கடுகுபோல் தெரிந்தது. அமலி குப்புறப் படுத்து, துப்பாக்கியைத் தோளோடு அணைத்திருந்தாள். பக்கத்தில் தொலைநோக்கியோடு காற்றைக் கணித்துச் சொல்பவன் பிரின்ஸ்.

"எடப்பக்கத்துக் காத்து, அக்கா. ரெண்டு கிளிக் போதும்" என்றான். அவள் துப்பாக்கிமேல் இருந்த குறிக்கண்ணாடியின் குமிழை இரண்டு சொடுக்கு திருகினாள்.

மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு உள்ளே வருவதற்கு முன் உடம்பு சற்று நேரம் அசையாமல் கிடக்கும். விசையை அப்போது அழுத்தினால்தான் குண்டு விலகாது. அந்த அசைவின்மையை நீட்டிக்கத்தான் அவள் பதினோரு வருடம் பழகியிருந்தாள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், கணவன் செலஸ்டினின் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே அதே அசைவின்மை வந்தது. பழக்கதோஷத்தில் அவளும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நொடி. ஒன்பது நொடி. அடுத்தது இன்னும் நீளம். எவ்வளவு சுத்தமாக நிற்கிறது என்று ஒரு கணம் வியந்துகூடப் போனாள். நர்ஸைக் கூப்பிடத் தோன்றியது அதற்கப்புறம்தான். அடுத்த மூச்சு வரவே இல்லை.

இப்போது கண்ணாடிக்குள் குறுக்குக்கோடு இலக்கின் நடுவில் ஆணியடித்ததுபோல் நின்றது. விரல் அசையவில்லை.

"காத்து மாறிப்போச்சுக்கா" என்று பிரின்ஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "மூச்சு விடுங்க."

அவள் செலஸ்டினை உலுக்கவே இல்லை.