முதல் தடவை, தனியாக, குறைந்த செலவில்

"'கடற்கரைக்குக் கிளம்புகிறவருக்கு ஒரு முதுகுப்பை போதும். அதற்கு மேல் சுமப்பவர் முட்டாள்.' கேட்டியா உம்மா? நாம முட்டாளாம்."

ஆஸ்டின் விமான நிலையத்தின் செக்-இன் வரிசையில் நின்றபடி ரிதா வாசித்துக் காட்டினாள். கையில், மாமல்லபுரத்துக்கு முதல் தடவை, தனியாக, குறைந்த செலவில் போகிறவர்களுக்கான இங்கிலீஷ் புத்தகம். அட்டையில் ஒரு வெள்ளைக்காரி தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

ரிதாவின் காலடியில் இரண்டு பூதப் பெட்டிகள். ஒன்றின் ஜிப் பிதுங்கி ஸ்வெட்டரின் கை வெளியே தொங்கியது. உம்மா ஷம்சாத் அதை உள்ளே திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரத்துக்குத்தான் ரூம் போட்டிருக்குன்னே. அதுக்கு ஸ்வெட்டரா!" அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி சிரித்தாள். ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் பக்கத்து அபார்ட்மென்ட். புத்தகம் அவள் கொடுத்த பரிசு. பெட்டிகள் அடங்கவில்லை என்று தன் வேனில் ஏற்றி வந்தவளும் அவள்தான்.

"அவளோடது அவகூடவே இருக்கட்டும்" என்றாள் ஷம்சாத்.

"என் பையன் இருபத்தொண்ணாவது பொறந்தநாளுக்கு லாஸ் வேகாஸ் போய்க் கூத்தடிச்சான். நீ பரவால்லடி, கோயிலும் கடலும் பார்க்கப் போற. ஜாலி!"

ஜாலி. ரிதாவுக்கு எதையாவது ஓங்கி உதைக்க வேண்டும் போலிருந்தது. ஆன்ட்டியை உதைக்க முடியாது. பெட்டியை உதைத்தாள்.

"மே மாசம் மட்டும் வந்துடாதீங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு ஆன்ட்டி. மண்டை பொளந்துடுமாம்."

"அப்புறம் ஏன்டி இப்ப போற? டிசம்பர்ல போயேன்."

ரிதா வாப்பாவைப் பார்த்தாள். நூர் முகம்மது மேலே தொங்கிய விமானப் பட்டியலைப் பார்த்தார்.

"தேதி இப்படி அமைஞ்சிடுச்சுங்க."

"நீங்களாவது கூடப் போலாமே பாய். பொம்பளைப் பிள்ளை, தனியா..."

"நான் இப்ப கிளம்பினா வேலை கைல நிக்காதுங்க."

ஒரு மாதமாக இதே பதில்தான். ரிதா கத்திப் பார்த்தாள், கதவை அறைந்து சாத்திப் பார்த்தாள். யாரைப் பிடித்துக் கத்த வேண்டுமோ அவர்களுக்கு முகமே இல்லை. அகப்பட்டது வாப்பாதான்.

"அங்க இறங்கினதும் ஆட்டோவுக்கு எவ்ளோ குடுக்கணும், வாப்பா?"

நூர் முகம்மது நெற்றியைச் சுருக்கினார். "அப்போ அம்பது ரூபா."

"அப்போன்னா எப்போ? இந்த வெள்ளைக்காரிக்குத் தெரிஞ்சதுகூட உங்களுக்குத் தெரியல!"

சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

தங்கை ஹனியா புத்தகத்தைப் பிடுங்கி, கடைசியில் இருந்த தமிழ் வாக்கியங்களைப் பிரித்தாள். "சே திஸ் ஒன், ரிதா."

"அண்ணா, பஸ் ஸ்டேண்ட் எங்கே இர்க்கு?"

"ஓ மை காட், யூ சவுண்ட் ஸோ அமெரிக்கன்!"

ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "வாய் திறந்தா போச்சு, ரெண்டு மடங்கு புடுங்கிடுவான். போர்டாவது படிப்பியா?"

"தமிழ் படிக்கத் தெரியாது. போட்டோ எடுத்து அனுப்புறேன், வாப்பா படிச்சுச் சொல்லட்டும்."

"அங்க பகல்னா இங்க ராத்திரிடி."

"முழிச்சிருக்கேன்" என்றார் நூர் முகம்மது.

கவுண்டரில் கூப்பிட்டார்கள். அமெரிக்கப் பெண்ணொருத்தி ரிதாவின் பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு கணினியில் தட்டினாள். பிறகு, ரிதா தங்கையிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"நாளைக்கு உனக்கு இருபத்தொண்ணு! பீச்ல கொண்டாட்டமா?"

ரிதா தலையாட்டினாள்.

"இந்தியா விசா எந்தப் பக்கத்துல இருக்கு?"

"விசா வேணாம்."

அந்தப் பெண் இரண்டு முறை புரட்டினாள். பிறகு பாஸ்போர்ட்டை மூடி அட்டையைப் பார்த்தாள். சிங்க முத்திரை.

ஆன்ட்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. "பாய்... இவளும் இங்கயே பொறந்தவ இல்லையா?"

"சின்னவதான் இங்க பொறந்தா. இவளை ரெண்டு வயசுல தூக்கிட்டு வந்தோம்." நூர் முகம்மது ஆன்ட்டியின் பக்கம் திரும்பினார். "என் விசாவுல பிள்ளைங்க இருபத்தொரு வயசு வரைக்கும்தான் இருக்கலாம். கிரீன் கார்டு வரிசை நகரவே இல்ல. ஸ்டூடன்ட் விசா கேட்டோம், தரல. ஊர்ல நமக்குன்னு ஒருத்தரும் இல்லைங்க. நீங்க குடுத்த புத்தகத்துல இருந்த ஹாஸ்டல்லதான் இடம் போட்டிருக்கு. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஷம்சாத் மகளின் தலையைப் பிடித்து இழுத்து, நெற்றியில் முத்தி, "ஃபீ அமானில்லா, அல்லா காவல்ல போயிட்டு வா" என்று முணுமுணுத்தாள். பிடித்த கையை விடவில்லை.

கவுண்டர் பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை. அதே சிரிப்போடு போர்டிங் பாஸை நீட்டினாள்.

"என்ஜாய்! எப்போ வீட்டுக்குத் திரும்புவே?"

ரிதா புத்தகத்தை மூடினாள்.

"வீட்டுக்குத்தான் போறேனாம்."